கோதுமை ஆகாத வயிறும் எல்லைக் கிராமத்துக் கஞ்சியும்

“எனக்குக் கோதுமை ஆகாது” என்று பாறசாலைப் பக்கம் யாராவது சொன்னால், கேட்பவர் பெரும்பாலும் சிரித்துவிடுவார். “அதற்கென்ன, சோறு இருக்கிறதே!” என்பார். நியாயமான பதில்தான். அரிசியும் மரச்சீனியும் மீனும் சாப்பிட்டுத் தலைமுறை தலைமுறையாக வளர்ந்த ஊரில் கோதுமை ஆகாதது பெரிய குறையா?

ஆனால் அந்தச் சிரிப்பில் ஒரு சங்கடம் இருக்கிறது. இது வடநாட்டார் நோய், நமக்கு வராது என்ற நினைப்பு நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. அதனால் வந்தவருக்கு நோய் இன்னதென்று தெரியவே வருஷக்கணக்கில் ஆகிவிடுகிறது. அதற்குள் பெரியவரானால் இரத்தம் வற்றிப் போகிறார். குழந்தையானால் வளர்ச்சி நின்றுபோகிறது. வேலைக்காக ஊர் விட்டு ஊர் போகும் நம்மவர் இதை அறிந்துவைத்திருப்பது நல்லது.

அரிசி நாட்டுக்குக் கோதுமை வந்த கதை

நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் பழைய சாப்பாடு எல்லோருக்கும் தெரிந்ததே. காலையில் கஞ்சியும் பயறும், மதியம் சோறு, இரவில் மரச்சீனியும் மீன் கறியும். சக்கைக் காலத்தில் சக்கை. மழைக்காலத்தில் சேனை, சேம்பு, காய்ச்சில். மரச்சீனி நம் மண்ணில் தானாக முளைத்ததல்ல. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதை ஊக்கி வளர்த்தார். 1942-ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுவிட்டது. அந்தப் பஞ்ச காலத்தில் தென் திருவிதாங்கூரின் உயிரைப் பிடித்துவைத்தது மரச்சீனிதான்.

கோதுமை நம் அடுக்களைக்குள் நுழைந்ததும் பஞ்சத்தின் கையைப் பிடித்துக்கொண்டுதான். யுத்த காலத்திலும், மறுபடி 1960களில் அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்த காலத்திலும், ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக அது அளக்கப்பட்டது. அன்று முகம் சுளித்து வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று மாலையானால் பொரோட்டாக் கடையில் நிற்கிறார்கள். பேக்கரியில் பஃப்ஸ், வீட்டில் சர்க்கரை நோய்க்காரருக்குச் சப்பாத்தி, பள்ளிக்கூடப் பிள்ளைக்கு நூடுல்ஸ், காலையில் கோதுமைப் புட்டு. ஒரு நாளில் எத்தனை முறை கோதுமை உள்ளே போகிறது என்று எண்ணிப் பார்த்தால் நமக்கே ஆச்சரியமாயிருக்கும்.

1956 நவம்பர் 1-ந் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அன்று போட்ட கோடு களியக்காவிளைக்கும் இஞ்சிவிளைக்கும் நடுவே ஓடுகிறது. ஆனால் அது அடுப்பைப் பிரிக்கவில்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே கஞ்சிதான், இன்றைக்கு ஒரே பொரோட்டாவும்கூட.

குளூட்டன் என்பது என்ன?

கோதுமை மாவைப் பிசைந்து உருண்டையாக்கித் தண்ணீருக்குள் வைத்துக் கழுவிக்கொண்டே இருந்தால், வெள்ளை மாவுச் சத்து கரைந்து போய், ரப்பர் போல ஒரு பொருள் கையில் மிஞ்சும். அதுதான் குளூட்டன் எனப்படும் புரதம். பொரோட்டா மாஸ்டர் மாவைக் காற்றில் வீசித் துணி போல விரிக்கும்போது கிழியாமல் இருப்பது இதனால்தான். பார்லியிலும் ரை என்ற தானியத்திலும் இதே வகைப் புரதம் உண்டு. அரிசி, கேழ்வரகு, சோளம், கம்பு, தினை, மரச்சீனி, கிழங்குகள், பருப்பு, பயறு ஆகியவற்றில் இது கிடையாது.

பெரும்பாலோருக்குக் குளூட்டன் எந்தக் கெடுதலும் செய்வதில்லை. ஆனால் பிறவியிலேயே ஒருவகை அமைப்பு உள்ள சிலருக்கு, உடம்பின் காவல் படை இந்தப் புரதத்தைப் பகைவனாக எண்ணிக்கொண்டு தன் குடலையே தாக்குகிறது. சிறுகுடலின் உட்சுவரில் சத்தை உறிஞ்சுவதற்காகக் குடலுறிஞ்சிகள் என்ற நுண்ணிய விரல்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. அவை தேய்ந்து மழுங்கிப் போகின்றன. பிறகு எத்தனை சத்தான சாப்பாடு போட்டாலும் உடம்பில் ஒட்டாது. இதற்குச் சீலியாக் நோய் என்று பெயர்.

நீடித்த வயிற்றுப்போக்கு, வயிறு உப்புதல், எடை குறைதல் ஆகியவை தெரிந்த அறிகுறிகள். ஏமாற்றும் அறிகுறிகளும் உண்டு. இரும்புச் சத்து மாத்திரை மாதக்கணக்கில் தின்றும் தீராத இரத்தசோகை, ஓயாத வாய்ப்புண், எலும்புத் தேய்வு, காரணமில்லாத களைப்பு, பிள்ளைப்பேறு தள்ளிப்போதல், வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தை. சிலருக்கு வயிற்றில் ஒரு தொல்லையும் இராது. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் பெற்றோருக்கும் உடன்பிறந்தோருக்கும் பிள்ளைகளுக்கும் வர வாய்ப்பு அதிகம். சிறுவயதிலேயே இன்சுலின் போடவேண்டிய சர்க்கரை நோய் உள்ளவர்களிடமும் இது கூடுதலாகக் காணப்படுகிறது.

பழம் தின்று பிழைத்த குழந்தைகள்

இந்த நோயை 1888-ல் லண்டனில் டாக்டர் சாமுவேல் ஜீ என்பவர் தெளிவாக விவரித்தார். உணவினால்தான் இதற்குத் தீர்வு என்றும் கருதினார். எந்த உணவு என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. 1924-ல் நியூயார்க்கில் டாக்டர் சிட்னி ஹாஸ் வாழைப்பழத்தைப் பிரதானமாகக் கொடுத்துச் சாகக் கிடந்த குழந்தைகளைப் பிழைக்க வைத்தார். வாழைப்பழத்தில் ஏதோ மருந்து இருப்பதாக உலகம் நம்பியது. குழந்தை தேறியதும், இனி எதையும் தின்னலாம் என்று ரொட்டி கொடுத்தார்கள். நோய் உள்ளுக்குள் திரும்பி வந்தது.

உண்மையைக் கண்டவர் ஹாலந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. 1944-45 குளிர்காலத்தில் அந்த நாட்டில் கடும் பஞ்சம். ரொட்டி கிடைக்கவில்லை. ஊரே வாடியபோது அவரிடம் சிகிச்சையிலிருந்த இந்த நோய்க் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்ப வந்தபோது நோயும் வந்தது. ரொட்டிமீது முன்பே சந்தேகம் கொண்டிருந்த டிக்கே, கோதுமையை நிறுத்தியும் கொடுத்தும் கவனித்துக் குறித்து, 1950-ல் தம் ஆராய்ச்சிக் கட்டுரையை அளித்தார். குணமாக்கியது வாழைப்பழம் அல்ல, கோதுமை இல்லாமையே என்பது அதன்பின் விளங்கிற்று. நம் ஊர்ப் பாட்டிமார் பால்குடி மறந்த குழந்தைக்கு ஏத்தங்காய்ப் பொடிக் கூழும், வயிறு கெட்டால் கூவைக்கிழங்கு மாவுக் கஞ்சியும் கொடுத்ததை இங்கே நினைத்துக்கொள்ளலாம். இரண்டிலும் குளூட்டன் கிடையாது.

வடக்கே அதிகம், தெற்கே குறைவு. ஏன்?

நம் நாட்டில் இதுபற்றி நடந்த பெரிய ஆராய்ச்சி ஒன்று 2016-ல் வெளியாயிற்று. டாக்டர் பி.எஸ். ராமகிருஷ்ணா, டாக்டர் கோவிந்த் மகாரியா முதலியோர் வடக்கு, வடகிழக்கு, தெற்கு ஆகிய மூன்று பகுதிகளில் 23,331 பேரைச் சோதித்தார்கள். வடக்கே 1,000 பேரில் எட்டு ஒன்பது பேருக்குச் சீலியாக் நோய் இருந்தது. வடகிழக்கில் நாலைந்து பேர். தெற்கே 10,000 பேரில் ஒருவர் என்ற கணக்குத்தான்.

இதைக் கேட்டதும் “அதுதான் சொன்னேனே, நமக்கு வராது” என்று தோன்றும். ஆனால் அதே ஆராய்ச்சி இன்னொன்றும் சொல்கிறது. நோய்க்கு இடம் கொடுக்கும் பிறவி அமைப்பு வடக்கே நூற்றுக்கு 38 பேரிடம் இருந்தது. தெற்கே 36 பேரிடம். ஏறக்குறைய சமம். வித்தியாசம் தட்டில்தான். வடக்கே ஒருவர் ஒரு நாளைக்குச் சராசரி 455 கிராம் கோதுமை சாப்பிட, தெற்கே 25 கிராம்தான் சாப்பிட்டார்கள்.

அந்த அமைப்பு உள்ள எல்லோருக்கும் நோய் வருவதில்லை, மிகச் சிலருக்கே வருகிறது. ஆனாலும் யோசிக்க வேண்டிய விஷயம் இது. விதை நம்மிடமும் இருக்கிறது. தண்ணீர் பாயாததால் முளைக்காமல் இருக்கிறது. பொரோட்டாவும் பேக்கரியும் பெருகப் பெருக, வடக்கே உத்தியோகம் பார்க்கும் நம்மவர் மூன்று வேளையும் சப்பாத்திக்குப் பழகப் பழக, அது முளைக்கலாம்.

ஒரு குடும்பத்தின் அனுபவம்

ரயில்வேயில் எனக்குத் தெரிந்த ஊழியர் ஒருவர் பாறசாலைக்கு அருகே ஒரு கிராமத்துக்காரர். வடக்கே ஒரு கோட்டத்தில் பல வருஷம் குடும்பத்தோடு இருந்துவிட்டு மாற்றலாகி வந்தார். மகளுக்கு ஒன்பது வயது. பார்த்தால் ஆறு வயதுக்கு மேல் மதிக்க முடியாது. வயிறு முன்தள்ளி, கை கால் குச்சியாக இருந்தது. அங்கே பூச்சி மருந்து, டானிக், இரும்புச் சத்து என்று கொடுத்துச் சலித்துவிட்டார்கள். “பிள்ளைக்குச் சாப்பாட்டில் மனசில்லை” என்று தாயைக் குறை சொன்னவர்களும் உண்டு.

இங்கே வந்தபின் ஒரு குழந்தை டாக்டர் இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். பிறகு வாய்வழியாகக் குழாய் விட்டுச் சிறுகுடலில் சிறு துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். சீலியாக் நோய் என்று முடிவாயிற்று. இனி ஆயுசுக்கும் கோதுமை கூடாது என்றார்கள். தாய் அழுதுவிட்டாராம். பாட்டிக்கோ ஆச்சரியம். “இவ்வளவுதானா மக்ளே? கஞ்சி குடிச்சா போதுமா?” என்று கேட்டாராம்.

கஞ்சி மட்டும் போதவில்லை. கோதுமைச் சாமான் அத்தனையும் நிறுத்திய பிறகும் பிள்ளைக்கு வயிறு அவ்வப்போது கெட்டது. கடைசியில் அகப்பட்ட குற்றவாளி ரசத்தில் போட்ட பெருங்காயம். டப்பாவில் அச்சடித்திருந்த சேர்மானப் பட்டியலில் கோதுமை மாவு இருந்தது. அதையும் மாற்றிய பின் பிள்ளை ஏறி வந்தாள். இப்போது வகுப்பில் முன் வரிசையிலிருந்து மூன்றாம் வரிசைக்குப் போய்விட்டாள் என்று தகப்பனார் பெருமையாகச் சொல்கிறார். முன் வரிசை, உயரம் குறைந்த பிள்ளைகளின் இடம்.

மறைந்திருக்கும் கோதுமை

சப்பாத்தியையும் பொரோட்டாவையும் விலக்குவது சுலபம். கண்ணுக்குத் தெரியாமல் வருவதுதான் ஆபத்து. கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். ரவையும் சேமியாவும் கோதுமையே. ஆப்பத்துக்கு மாவரைக்கும்போது ரவையைக் கொண்டு கப்பி காய்ச்சிச் சேர்ப்பவர் உண்டு. ரயில் கட்லெட்டின் மேல்தூள் ரொட்டித் தூள். ஹோட்டலில் குழம்பு கெட்டியாக மைதா கரைத்து விடுவார்கள். வாழைக்காய் பஜ்ஜி, பழம்பொரி இவற்றின் மாவில் மைதா சேரும். சோயா சாஸிலும் கோதுமை உண்டு. கல்யாண விருந்தில் வரும் பாயசம் கோதுமைப் பாயசமாகவோ சேமியாப் பாயசமாகவோ இருக்கலாம்.

இன்னும் வேதனையான விஷயம் ஒன்று. உடம்பு சரியில்லை என்றால் நாம் எதைக் கொடுக்கிறோம்? ரொட்டி, ரஸ்க், பிஸ்கட், பார்லித் தண்ணீர், மால்ட் கலந்த சத்துப் பானம். ஆரோரூட் பிஸ்கட் என்று பெயர் இருந்தாலும் அதில் பெரும்பகுதி மைதாதான். ஆஸ்பத்திரிக்கு நோயாளியைப் பார்க்கப் போகிறவர் கையில் கொண்டுபோவதும் இவற்றையே. சீலியாக் உள்ள குழந்தைக்கு வயிறு கெட்டதும் இவற்றைக் கொடுத்தால், எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றியதாகிவிடும்.

கேரளத்தில் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அங்கன்வாடி வழியாக வரும் அமிர்தம் நியூட்ரிமிக்ஸ் பொடியைக் குடும்பஸ்ரீ பெண்கள் தயாரிக்கிறார்கள். கோதுமை, கடலைப்பருப்பு, வேர்க்கடலை, சோயா, சர்க்கரை சேர்ந்தது. கோடு தாண்டிய தமிழ்நாட்டுச் சத்துமாவிலும் கோதுமை உண்டு. ஏழைக் குழந்தைகளுக்கு இவை பெரும் உதவி, அதில் சந்தேகமில்லை. யாரும் பயந்து நிறுத்த வேண்டாம். ஆனால் இதைச் சாப்பிட ஆரம்பித்த பின் ஒரு குழந்தை தேறாமல் தேய்ந்துகொண்டே போனால், ‘சத்துமாவு கொடுத்தும் இப்படியா?’ என்று நிறுத்திக்கொள்ளாமல் டாக்டரிடம் சாப்பாட்டு விவரம் முழுவதையும் சொல்ல வேண்டும்.

மாவு மில்லையும் மறக்கக் கூடாது. முந்தியவர் கோதுமை அரைத்த அதே இயந்திரத்தில் அடுத்து நம் அரிசியைப் போட்டால் கோதுமையும் சேர்ந்தே வரும். இந்த நோய்க்காரருக்கு அந்தக் கொஞ்சமும் ஆகாது. வீட்டிலேயே அரைப்பது உத்தமம். சப்பாத்திக் கல்லில் தோசை வார்ப்பதும் கூடாது, தனிக் கல் வேண்டும்.

பால் ஆகாதவர், மீன் ஆகாதவர்

கோதுமை மட்டுமல்ல. பால் குடித்தால் வயிறு இரைந்து பொருமுகிறது என்பவர் நம்மிடையே நிறைய. பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் சுரப்பு, வளர வளரக் குறைந்துபோவதே காரணம். 1981-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் திருவனந்தபுரத்திலும் பாண்டிச்சேரியிலும் சோதித்தவர்களில் நூற்றுக்கு 66 பேருக்கு மேல் இந்தக் குறை இருந்தது. டில்லியில் 27 பேருக்குத்தான். அதாவது நம் பக்கத்தில் இது நோய் என்பதைவிட வழக்கம் என்று சொல்லலாம். இதனால் குடல் அழிவதில்லை. பெரும்பாலோருக்கு ஒரு டம்ளர் டீயிலுள்ள பால் ஒன்றும் செய்யாது. தயிரும் மோரும் ஒத்துக்கொள்ளும்.

ஒவ்வாமை என்பது வேறு. பொழியூர், பூவார் கடற்கரையில் பிறந்தவர்களிலும் இறால் தின்றால் உடம்பு தடித்துப் போகிறவர்கள் இருப்பார்கள். வேர்க்கடலை, முட்டை, கோதுமைக்கும் இப்படி வருவதுண்டு. தின்ற சில நிமிஷங்களிலோ ஓரிரு மணிக்குள்ளோ தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல் வரும். மூச்சு முட்டினால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். சீலியாக் நோய் இப்படித் திடீரென்று மிரட்டாது, மெல்ல மெல்ல அரிக்கும்.

சோதனையில் சீலியாக்கும் இல்லை, ஒவ்வாமையும் இல்லை, ஆனாலும் கோதுமை தின்றால் வயிறு ஊதுகிறது என்பவர்களும் உண்டு. கோதுமையிலுள்ள ஒருவகை மாவுப் பொருள் சிலருக்குக் குடலில் புளித்து வாயு உண்டாக்குகிறது. இவர்கள் அளவைக் குறைத்துக்கொண்டால் போதும். பெருங்காயத்தைத் தேடி டப்பா டப்பாவாகப் படிக்க வேண்டியதில்லை.

நெய்யூர் தந்த பாடம்

வயிற்று நோய்க்கும் சாப்பாட்டுக்கும் உள்ள தொடர்பை ஆராய்வதில் நம் பகுதிக்கு ஒரு பழைய பெயர் உண்டு. 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறச் சென்ற ஆங்கிலேய சர்ஜன் டாக்டர் சாமர்வெல், களியக்காவிளைக்கு அப்பாலுள்ள நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் இருபது வருஷத்துக்கு மேல் பணி செய்தார். காரக்கோணத்திலுள்ள சி.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. தென் திருவிதாங்கூரில் குடற்புண் மிக அதிகமாயிருப்பதைக் கண்ட அவர், சத்தில்லாத உணவே காரணம் என்று கருதினார். அதே காலத்தில் குன்னூரில் டாக்டர் மக்காரிசன், திருவிதாங்கூர் ஏழைகளின் உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பலவற்றுக்கு வயிற்றுப்புண் வந்தது. சீக்கியர் சாப்பிடும் கோதுமை ரொட்டியும் பாலும் கொடுத்த எலிகளுக்கு வரவில்லை. கோதுமை உசத்தி, மரச்சீனி மட்டம் என்ற எண்ணத்துக்கு விஞ்ஞானத்தின் ஆதரவும் கிடைத்தது.

1982-ல் ஆஸ்திரேலியாவில் டாக்டர் மார்ஷலும் டாக்டர் வாரனும் வயிற்றுப்புண்காரர்களின் இரைப்பையில் ஒரு கிருமியைக் கண்டார்கள். வயிற்றுப்புண்ணுக்கு அதுவே முக்கியக் காரணம் என்று பின்னர் நிலைநாட்டினார்கள். 2005-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. கத்தி வைத்த இடத்தில் இப்போது மாத்திரை வேலை செய்கிறது. சாமர்வெல் காப்பாற்றிய உயிர்களின் கணக்கு இதனால் குறையாது. ஆனால் சாப்பாட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுமுன் சாட்சியை நன்றாக விசாரிக்க வேண்டும் என்பது தெளிவாகிறது.

ஆகவே, சந்தேகம் வந்தவுடன் தானாகவே கோதுமையை நிறுத்திவிடுவது சரியல்ல. நிறுத்தினால் இரத்தத்தில் காணவேண்டிய அடையாளம் மறைந்து, குடலும் ஆறத் தொடங்கி, நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும். பரிசோதனை முடியும்வரை வழக்கம்போல் சாப்பிட வேண்டும். திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில் குடல் நோய்ப் பிரிவு இருக்கிறது. உள்ளூர் டாக்டரின் கடிதத்தோடு போகலாம். நோய் உறுதியானால் ஆயுசுக்கும் நிறுத்த வேண்டும். இல்லையென்று ஆனால், நாகரிகத்துக்காகக் கோதுமையை விலக்குவதில் லாபமில்லை.

வெளியூரில் இருப்பவருக்கு

வீட்டில் இருப்பவர் சமாளித்துக்கொள்வார். லாட்ஜில் தங்கி மெஸ்ஸில் சாப்பிடும் குமாஸ்தாவும், ஒப்பந்தக்காரர் போடும் சாப்பாட்டை நம்பியிருக்கும் தொழிலாளியும் என்ன செய்வது? அனுபவப்பட்டவர்கள் சொல்லும் வழிகள் இவை. பெட்டியில் ஒரு சிறு குக்கர், அரிசி, பயறு, கலப்பில்லாத அல்லது அரிசி மாவு சேர்த்த பெருங்காயம். கன்னியாகுமரியிலிருந்து காட்ரா வரை போகும் ஹிம்சாகர் போன்ற நீண்ட பயணத்தில் அவல், ஏத்தங்காய் உப்பேரி, வேர்க்கடலை, பழம். மெஸ் நடத்துபவரிடம் “பிடிக்காது” என்று சொல்லாமல் “டாக்டர் விலக்கியிருக்கிறார்” என்று சொல்வது. பிடிக்காது என்றால் வற்புறுத்துவார்கள், டாக்டர் பெயரைச் சொன்னால் ஒதுக்கி வைப்பார்கள்.

பாக்கெட் சாமான் வாங்கும்போது சேர்மானத்தைப் படிக்க வேண்டும். 2020-ம் ஆண்டு விதிகளின்படி குளூட்டன் உள்ள தானியம் சேர்ந்திருந்தால் பாக்கெட்டில் அறிவிக்க வேண்டும். குளூட்டன் இல்லை என்று எழுத வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அப்படி எழுதிய பிஸ்கட்டும் ரொட்டியும் விலை அதிகம். நம் சம்பளத்துக்கு அவை தேவையும் இல்லை.

கோயிலிலும் தேவாலயத்திலும் தர்மசங்கடம் வருவதுண்டு. பிரசாதம் அரிசிப் பாயசமா, ரவைக் கேசரியா என்று கேட்டு வாங்குவது தவறல்ல. கத்தோலிக்கத் திருச்சபையில் நற்கருணை அப்பம் கோதுமையில்தான் செய்ய வேண்டும் என்பது விதி. ஆனால் குளூட்டன் மிகக் குறைத்த அப்பத்துக்கு அனுமதி உண்டு, இரசத்தை மட்டும் பெற்றுக்கொள்ளவும் வழியுண்டு. பங்குத் தந்தையிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம்.

உலகத்தில் பல நாட்டார் இந்த நோய்க்காகத் தங்கள் சாப்பாட்டையே அடியோடு மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவர்களுக்கு ரொட்டி இல்லாத வாழ்க்கை கஷ்டம். நமக்கு அப்படியல்ல. இட்லி, தோசை, இடியாப்பம், அரிசிப் புட்டு, கேழ்வரகுக் கூழ், சக்கை, சேனை, மீன், பயறு எல்லாம் நம்முடையவை. மரச்சீனியை வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுச் சாப்பிட வேண்டும், அதிலுள்ள நஞ்சு அப்போதுதான் போகும். அதை நம் வீட்டுப் பெண்கள் சொல்லாமலே செய்கிறார்கள். டாக்டர் எழுதும் உணவுப் பட்டியலில் பெரும்பகுதி நம் அடுக்களையில் ஏற்கெனவே இருக்கிறது.

நமக்கு வேண்டியது சந்தேகப்படத் தெரிந்திருப்பதுதான். வளராத பிள்ளை, ஏறாத இரத்தம், ஓயாத வயிற்றுப்போக்கு, இவற்றில் எது வீட்டில் இருந்தாலும் அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது “கோதுமை ஆகாத நோயாக இருக்குமா?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஓர் இரத்தப் பரிசோதனைதான் முதல் படி. இல்லையென்று வந்தால் நிம்மதி. உண்டென்று வந்தால், அடுப்பில் கஞ்சி தயாராயிருக்கிறது.